மஞ்சள் வரிசையில் ஒரு காலியிடம்

பொருந்தவில்லை. ரத்தம் என்று யார் பேச்செடுத்தாலும் இந்த ஒரு சொல்தான் அவள் மனதுக்குள் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்காரும். தம்பிக்கு அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தவில்லை. அப்போது அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, 'உன்னால இதுகூட முடியலையா?' என்றாள். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்து, 'இது பரீட்சை இல்லம்மா, ஃபெயிலாகறதுக்கு. இதுல உன் தப்பு ஒண்ணுமே இல்ல' என்று சொன்னவர் ஒரே ஒரு மனிதர்தான். அவர் இப்போது மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

இவருக்காக எதையும் செய்யலாம் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே அந்த நினைப்பின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. துப்பறிகிறவர்களுக்கு இது தொழிலோடு ஒட்டிக்கொள்ளும் வியாதி. நன்றியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்ள முடிவதில்லை.

"கேக்கறியாம்மா?" என்றார் பெரிய டாக்டர். ரத்த ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் எல்லாருக்கும் அவர் பெரிய டாக்டர்தான்.

"கேக்கறேன் சார்."

"எனக்குத்தான் புரியல. முதல் ஸ்டாப்பிங்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அண்ணன் மகளுக்கு உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். வேலைக்குச் சேர்த்தது யார் என்பது இன்றுவரை துப்பு கிடைக்காத விஷயம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "தலசீமியான்னு ஒரு பரம்பரை நோய். அப்பாகிட்ட பாதிக் கோளாறு, அம்மாகிட்ட பாதிக் கோளாறு இருக்கும். ரெண்டு பேரும் நல்லாத்தான் நடமாடுவாங்க. ரெண்டு பாதியும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தா, அந்த உடம்பால நல்ல ரத்தத்தை உண்டாக்க முடியாது. ஆயுசுக்கும் அடுத்தவங்க ரத்தத்தை ஏத்திக்கிட்டே இருக்கணும். அந்த நோய்க்கு நான் ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கேன். அதைச் சாப்பிட்ட ஒரு பொண்ணு, எங்க கணக்குல ஏழாம் நம்பர், இப்ப ரத்தமே ஏத்திக்கறதில்ல. காலேஜுக்குப் போறா."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"அவ நோயாளியா இருந்தப்போ, மரபணு ஆராய்ச்சிக்காக எடுத்து உறைய வச்ச ரத்தம் ஒரு குழாய் இருந்தது. அடுத்த வாரம் வெளியிலேர்ந்து நிபுணர்கள் வராங்க. அந்தப் பழைய ரத்தத்தையும் இப்ப இருக்கற ரத்தத்தையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. பழைய குழாயைக் காணோம்."

"யார் மேலயாவது சந்தேகமா சார்?" என்றாள்.

"அவளோட அண்ணன். கார் மெக்கானிக். குழாய் காணாமப் போறதுக்கு முந்தின நாள் இங்க வந்து கத்தினான். உனக்குப் பேரு, எங்களுக்கு என்னன்னு. குடிச்சிருந்தான்."

"டாக்டர், குடிச்சவன் ஃப்ரீசரைத் திறந்தா ஐஸைத்தான் எடுப்பான்," என்றார் சித்தப்பா.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இது பழகிப்போன விஷயம். கூட்டமில்லாத பஸ்ஸிலும் விசில் கொடுத்தவர்.

ஃப்ரீசர் அறையில் ஆய்வுக்கூடப் பெண் கனத்த கையுறையோடு காத்திருந்தாள். கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. உள்ளே தட்டுத் தட்டாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒரு குழாயிலும் பெயர் இல்லை, எண்தான்.

"பேர் எழுத மாட்டீங்களா?" என்றாள் துப்பறிகிறவள்.

"பேர் தெரிஞ்சா மனசு சாயும்னு பெரிய டாக்டர் வச்ச வழக்கம் மேடம். எடுக்கறவங்களுக்கு எண் தெரியும். சோதிக்கறவங்களுக்கு அதுகூடத் தெரியாது."

"மூடியெல்லாம் கலர் கலரா இருக்கே?"

"ரத்தத்தோட குரூப்புக்கு ஒரு கலர். ஏ சிவப்பு, பி நீலம், ஓ மஞ்சள். அவசரத்துல கை தப்பக் கூடாதில்ல."

"நம்ம டிக்கெட் மாதிரிதான். ஸ்டேஜுக்கு ஒரு கலர்," என்றார் சித்தப்பா, சொந்தக்காரரைப் பார்த்த மகிழ்ச்சியில்.

மஞ்சள் வரிசையில் ஒரு காலியிடம் இருந்தது. அதைச் சுற்றி இருந்த மூடிகளின் மேல் வெண்பனி மாவு தூவியது போல் கலையாமல் படிந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். விரல் பட்ட தடம் எங்குமே இல்லை.

"தேடவே இல்லை சித்தப்பா. நேரா வந்து கை வச்சிருக்காங்க."

"கூட்டத்துல ஒரே தடவை கையை நீட்டி பர்ஸை எடுக்கறவன், அந்த ரூட்டுல தினம் போறவனாத்தான் இருப்பான்."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, பெரிய டாக்டர்கிட்ட ஒண்ணு," என்றாள் ஆய்வுக்கூடப் பெண். சொல்லிவிட்டு முகம் வெளுத்தாள். "நான் எடுக்கல மேடம்."

"நீங்கன்னு சொல்லலையே. ஏழாம் நம்பரோட இப்போதைய ரத்தம் எங்க இருக்கு?"

அது பக்கத்து அறையில், வேறு ஃப்ரீசரில் இருந்தது. பழையது ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பொறுப்பு, புதியது வார்டுக்காரர்கள் பொறுப்பு. ஒருவர் பெட்டியை மற்றவர் திறப்பதில்லை. ஏழாம் நம்பரின் புதிய குழாய்கள் நீல மூடி போட்டு ஒழுங்காக நின்றன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ ஒன்று கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்த மாதிரி ஒரு உறுத்தலோடு வெளியே வந்தாள்.

மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, கொஞ்சம் வெளியில வாப்பா. உன் செருப்புகூடப் பேச நாங்க வரல," என்றார் சித்தப்பா.

கால்கள் நகர்ந்தன. ஒல்லியான ஓர் இளைஞன் வெளியே வந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஸ்டூலில் முழுதாக உட்காராமல் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். ஆராய்ச்சி நிலையம் என்றதும் அவன் முகம் கதவு போலச் சாத்திக்கொண்டது.

"குழாய் திருடு போயிடுச்சாம். நீங்க குடிச்சுட்டு வந்து கத்தினதா சொல்றாங்க," என்றாள்.

"யார் சொன்னா?"

"பெரிய டாக்டர்."

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். "எனக்கு அந்த வாசனையே ஆகாது. இந்த ஷெட்டுல யாரை வேணா கேளுங்க, கேலி பண்ணுவாங்க. அவர்கிட்ட போய் யாராவது கத்துவாங்களா அக்கா? கதவைச் சாத்திட்டு, நாற்காலி போட்டு உட்கார வச்சு, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நான் பார்த்துக்கறேன்னு தோள்ல தட்டி அனுப்பினார்."

அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியும். அவள் தோளிலும் அது இருந்தது. 

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"பாப்பா, அதான் என் தங்கச்சி, செக்கப்புக்குப் போயிட்டு வந்து சொன்னா. வார்டுல சிட்டுன்னு ஒரு குழந்தையாம். புது மருந்து தொடங்கணும்னா உடம்பு சுத்தமா இருக்கணும்னு, ரத்தம் ஏத்தறத நிறுத்திட்டாங்களாம். மருந்து கொடுத்தும் முகம் காகிதமா வெளுத்துக்கிட்டே போகுதாம். நம்பிக்கையா இருங்க, நான் பிழைக்கலையான்னு இவ அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. ஏன்னா பாப்பா அந்த மருந்தால பிழைக்கல அக்கா. என்னால பிழைச்சா."

சித்தப்பா பக்கத்தில் கிடந்த டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற ஒரு ஆஸ்பத்திரியில என் மஜ்ஜையை எடுத்து அவளுக்குக் கொடுத்தாங்க. பிடிக்கவே இல்ல. மாசக்கணக்கா ஒண்ணும் நடக்கல. வீணாப் போச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க. அப்பதான் இந்த மருந்து பத்தித் தெரிஞ்சுது. ஆனா மஜ்ஜை மாத்தினவங்களைச் சேர்க்க மாட்டாங்களாம். அதனால அப்பா அதைச் சொல்லாமச் சேர்த்துட்டார். அப்புறம் மெதுவா அவளுக்கு ரத்தம் ஊற ஆரம்பிச்சுது. எல்லாரும் மருந்துன்னாங்க. எங்கம்மாவும் மருந்துன்னுதான் சொல்றாங்க. பேப்பர்ல பாப்பா படம் வந்தப்போ என்னைப் பக்கத்துல நிக்கக்கூட விடல. வாய் தவறி உளறிடுவேனாம்."

"சொன்னா என்ன ஆயிடும்?"

"பொய் சொல்லிச் சேர்ந்தோம்னு துரத்திடுவாங்களோன்னு பயம். நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் குழந்தை விஷயம் கேட்கற வரைக்கும்."

அவள் அவன் இடுப்பைப் பார்த்தாள். மஜ்ஜை எடுக்க ஊசி இறங்கிய இடம்; வலி இன்னும் விடவில்லை போலும். கொடுக்க முடியாதவளுக்கு வீட்டில் ஒரு பழி கிடைத்தது. கொடுத்தவனுக்கு ஒரு மறதி. ரத்த சொந்தம் என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் யாரும் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"மருந்தா மஜ்ஜையான்னு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"தெரியல அக்கா. மனசு சொல்லுது. நிரூபிக்கச் சொன்னா என்கிட்ட ஒண்ணுமில்ல. அவர் மெத்தப் படிச்சவர், நான் ஸ்பானர் பிடிக்கறவன்."

"உங்க ரத்தம் என்ன குரூப்?"

"பி."

"பாப்பாவுக்கு?"

"ஓ. பொறந்ததுலேர்ந்து ஓ ரத்தத்துக்குத்தானே அலைஞ்சோம். இன்னிக்கும் தெருவுல ஓ-காரங்க யாரைப் பார்த்தாலும் எங்கப்பா எழுந்து நிப்பார்."

காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் இமைக்குள்ளிருந்து வெளியே வந்து விழுந்தது.

"சித்தப்பா, காணாமப் போன குழாய் எந்த வரிசை?"

"மஞ்சள்."

"இப்ப எடுத்த குழாய்க்கெல்லாம்?"

சித்தப்பா விரலால் காற்றில் டிக்கெட் கிழித்துப் பார்த்தார். "நீலம். அட, ஒரே பயணிக்கு ரெண்டு கலர் டிக்கெட்டா?"

"எந்த மருந்தும் ஒருத்தரோட குரூப்பை மாத்தாது. மஜ்ஜை மாத்தினா மாறும். அவ உடம்புல இப்ப ஊறுறது இவரோட ரத்தம். பழைய குழாயைப் புதுக் குழாய் பக்கத்துல வச்சா, முதல் பார்வையிலேயே மூடி காட்டிக் கொடுத்துடும். ரெண்டையும் தனித்தனி அறையில தனித்தனி ஆளுங்க பார்த்ததால இத்தனை நாள் யார் கண்ணுலயும் படல."

"அப்ப அந்தக் குழாய் இருந்தா யாருக்கு லாபம்?"

"இவருக்கு. இவர் சொன்னதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. சாட்சியை இவரே ஏன் திருடணும்?"

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தாழ்வாரக் கதை தெரியும். தம்பியின் கடைசி நாட்களில் ஓர் இரவு முழுக்க அந்த டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததும் தெரியும்.

"வேண்டாம்னா விட்டுடலாம் அம்மாடி," என்றார் மெதுவாக. "திரும்பிப் போற வண்டி எப்பவும் இருக்கு."

"அந்தக் குழந்தையைப் பார்த்துட்டு யோசிப்போம்."

சிட்டு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். தலையணையும் முகமும் ஒரே நிறம். உதட்டுக்குக்கூட யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். சித்தப்பா கட்டில் பக்கத்தில் நின்று, "எங்க போகணும் மேடம்? சில்லறை வச்சிருக்கீங்களா?" என்று விரலை நீட்டினார். அந்த விளையாட்டுக்கு இதுவரை எந்தக் குழந்தையும் சிரிக்காமல் இருந்ததில்லை. சிட்டு சிரிக்கப் பார்த்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. சித்தப்பா நீட்டிய விரலை மடக்கிப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

குழந்தையின் அம்மாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தெளிவாக, மூடி நிறம் வரைக்கும் சொன்னாள். இப்போதே ரத்தம் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள் என்றாள்.

"நீங்க யாருங்க?" என்றாள் அந்தப் பெண், முடிவில்.

சொன்னாள்.

"துப்பறியறவங்களா? நீங்களா மருந்து கொடுக்கறீங்க? ஏழாம் நம்பர் பொண்ணை நான் என் கையால தொட்டுப் பார்த்தேன். ரெண்டு ஆஸ்பத்திரியில முடியாதுன்னு சொன்ன என் குழந்தையை இவர்தான் மடியில வாங்கினார். அவர் வந்து ஏத்துன்னு சொல்லட்டும், ஏத்தறோம். இருக்கற ஒரே நம்பிக்கையையும் கலைக்க வந்துட்டீங்க. போங்க இங்கேர்ந்து!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. நேற்று இதே இடத்தில் வேறு யாராவது வந்து பெரிய டாக்டரைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால், அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"இங்கயே இருங்க சித்தப்பா. கட்டில் பக்கத்துலேர்ந்து நகராதீங்க," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

பெரிய டாக்டர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். கலையாத பனி. இரண்டு சாவி. மஞ்சள், நீலம். குடிக்காத மெக்கானிக். சாத்திய கதவு. அவர் குறுக்கே பேசவில்லை. நல்ல மாணவியின் விடையைக் கேட்கும் ஆசிரியர் போலத் தலையைக்கூட ஒருமுறை அசைத்தார்.

"குழாய் எங்க சார்?"

"கழுவற தொட்டியில ஊத்திட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "நீ கண்டுபிடிப்பேன்னு எனக்குத் தெரியும்மா."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

"நிலையத்துல எல்லாரும் யாரையாவது கூப்பிட்டு விசாரிக்கணும்னாங்க. வேற யாராவது வந்து கண்டுபிடிச்சா ஊரெல்லாம் சொல்லுவாங்க. நீ என்கிட்டதான் வந்து சொல்லுவே. உன் தம்பி என் கையிலதானே..." வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார். முடித்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எல்லோரிடமும் தேடிய வெளிச்சம் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்று எத்தனை வருடம் நினைத்திருந்தாள். அவளுடைய அந்த நம்பிக்கையை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார், தேவைப்படும்போது செலவழிக்க.

"மருந்து பொய் இல்ல," என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட அதோட பலன் தெரியல, அவ்வளவுதான். அவ அண்ணன் வந்து சொல்லும்வரைக்கும் நானும் நம்பினேன். இன்னும் ஒரு குழந்தை, ஒரே ஒரு குழந்தை போதும். இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சு."

"சிட்டுவா சார் அந்த ஒரு குழந்தை?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். மேலே ஒரு பேனாவை வைத்தார்.

"குழாயை எடுத்தது அவன்தான்னு எழுதிக் கொடு. ஒரு நாள் ஸ்டேஷன்ல வச்சு அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் திருடன் பேச்சுதானே. நீ எழுதினா, அந்தக் குழந்தைக்கு இப்பவே ரத்தம் ஏத்தச் சொல்றேன். என்ன சொல்றே?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாளைத் தன் பக்கம் நேராக்கினாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். அவள் மௌனத்தை மற்றவர்கள் எப்போதுமே சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில், வேலையில், எல்லா இடத்திலும். இன்றைக்கு ஒருநாள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

பெரிய டாக்டர் போனை எடுத்தார். "சிட்டுவுக்கு ரத்தம் ஏத்துங்க. ஆமா, உடனே. மருந்தை நிறுத்திடுங்க. அம்மாகிட்ட நானே சொன்னேன்னு சொல்லுங்க."

இருவரும் காத்திருந்தார்கள். அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கடைசியில் அவளுடைய போன் அதிர்ந்தது.

"ஏத்த ஆரம்பிச்சாச்சு அம்மாடி," என்றது சித்தப்பாவின் குரல். வழக்கத்துக்கு மாறாக அதோடு நிறுத்திக்கொண்டது.

"எழுதும்மா," என்றார் பெரிய டாக்டர்.

அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு அவளை. புரிய நேரமாயிற்று. "நீ சரின்னு..."

"நான் ஒண்ணுமே சொல்லலையே சார்."

போன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மறுபடி எடுத்து, நிறுத்து என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஏற்றிய ஊசியைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கச் சொல்லும் மனிதர் இல்லை அவர். அவரிடம் மிச்சமிருந்த நல்ல குணத்தை நம்பித்தான் அவரை ஏமாற்றியிருந்தாள். 

"இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கல," என்றார். குரல் முதல் தடவையாக வயதானது போல் கேட்டது. "சரி, அவன் பேரு வேண்டாம். யாருன்னு தெரியலன்னு எழுது. வெளியாள்னு எழுது. அது போதும். உன்கிட்ட நான் எப்பவாவது ஏதாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதாம்மா."

அவள் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள்.

"மாட்டேன் சார்," என்றாள், பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில்.